குருதி சிந்தாதவர் செலுத்திய உயிரீடு: இரு முஅல்லகாக்களின் மறுவாசிப்பு

அரபு மத்ரஸாக்களில் ‘அஸ்ஸப்உல் முஅல்லகாத்’ எனப்படும் ஏழு நெடும்பாடல்கள் எவ்வாறு பயிற்றுவிக்கப்படுகின்றன என்பதை அப்பாடத்தைக் கடந்து வந்தோர் அனைவரும் அறிவர். அருஞ்சொற்பொருள், வினைச்சொல்லின் மூலம், வேற்றுமை முடிபு, பாட வேறுபாடு ஆகியவற்றோடு ஒரு பைத் முடிந்துவிடும். அடுத்த பைத் தொடங்கும். இலக்கணத் தெளிவின்றி அப்பாடல்களை அணுகவியலாது என்பது உண்மையே. நாமும் அவ்வாறே பயின்றோம். கால் நூற்றாண்டுக்கு மேலாக அவ்வாறே பயிற்றுவித்தும் வருகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், அன்தரா பின் ஷத்தாதின் பாடலை நடத்தி முடித்த நாளில், பின்வரிசையிலிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஹள்ரத், ளம்ளமுடைய மகன்கள் இருவர் என்று சொன்னீர்களே, அவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?” என வினவினார். அன்தராவின் பாடல் அவ்விருவரைப் பற்றிய பேச்சோடுதான் முடிவடைகிறது. “பாடல் அத்துடன் முடிந்துவிட்டது” என்று கூறி நாம் நூலை மூடினோம். அன்றிரவு ஸவ்ஸனீயின் (இறப்பு: ஹிஜ்ரீ 486) உரையை மீண்டும் புரட்டியபோது நமக்கு நாணம் மேலிட்டது. மாணவர் கேட்ட வினாவுக்குரிய விடை அதே நூலில், ஸுஹைர் பின் அபீ ஸுல்மாவின் பாடலில் இருந்தது. அப்பாடலை அதே வகுப்பிற்குச் சில திங்களுக்கு முன் நடத்தியவரும் நாமே.

இப்பிழைக்கு ஓரளவு ஏட்டின் அமைப்பும் காரணம். ஸவ்ஸனீயின் வரிசையில் ஸுஹைர் மூன்றாமவர், அன்தரா ஆறாமவர். நிகழ்ச்சி வரிசையோ இதற்கு நேர்மாறானது. அன்தரா பாடியது போர் ஓய்வதற்கு முன். ஸுஹைர் பாடியது அதே போருக்குச் சமாதானம் கண்ட பின். ஏட்டின் வரிசைப்படி ஓதும் மாணவர் சமாதானத்தை முதலிலும் போரைப் பின்னரும் படிக்கின்றார். அதனால் ஒரு பாடலின் பெருமிதம் மற்றொரு பாடலின் துயரமாக விளைந்ததை அவர் காண்பதில்லை. அவருடைய ஆசிரியரும் கண்டதில்லை. இவ்விரு பாடல்களையும் நிகழ்ச்சி வரிசையில் அடுத்தடுத்து வைத்துப் படித்து, போரின் விலையை இறுதியில் செலுத்துபவர் யார் என்னும் வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு குதிரைப் பந்தயம்

அப்ஸ், துப்யான் ஆகிய இரண்டும் கத்ஃபான் என்னும் ஒரே பெருங்குலத்தின் கிளைகள்; உடன்பிறந்தாரின் வழித்தோன்றல்கள். கி.பி. ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்விரு கிளையினரும் நிகழ்த்திய போர் ‘தாஹிஸ் – கப்ரா போர்’ எனப் பெயர் பெற்றது. இவை இரு குதிரைகளின் பெயர்கள். அப்ஸின் தலைவர் கைஸ் பின் ஸுஹைருடைய குதிரை தாஹிஸ், பந்தயத்தில் முந்தி வந்தபோது, வழியில் பதுங்கியிருந்த எதிர்த்தரப்பினர் அதனை அடித்துத் திருப்பினர் என்பது வரலாற்றாசிரியர் கூறும் செய்தி. பந்தயப் பொருளாக இருந்த ஒட்டகங்கள் பற்றிய பூசல் கொலையாயிற்று. கொலைக்குக் கொலை தொடர்ந்தது. அப்போர் நாற்பதாண்டுகள் நீடித்ததாக மரபு கூறுகிறது. ஆண்டுக்கணக்கு எவ்வாறாயினும், ஒரு தலைமுறை போரிலே பிறந்து போரிலே முதிர்ந்தது என்பதில் ஐயமில்லை.

இப்போரில் அப்ஸின் தரப்பில் நின்ற வீரர் அன்தரா. சமாதானம் செய்வித்தோர் துப்யானின் கிளையாகிய பனூ முர்ராவைச் சேர்ந்த ஹரிம் பின் ஸினான், ஹாரிஸ் பின் அவ்ஃப் என்னும் இருவர். அவ்விருவரையும் போற்றிப் பாடியவர் ஸுஹைர். இவர் முஸைனா குலத்தவராயினும் கத்ஃபானியரிடையே வாழ்ந்தவர். இரு தரப்பையும் நன்கறிந்தவர்.

அன்தராவின் பெருமிதம்

அன்தராவை எளிதில் பழித்துவிட நாம் விரும்பவில்லை. அவருடைய தாய் ஸபீபா அபிசீனிய அடிமைப் பெண். தந்தை ஷத்தாத் நெடுங்காலம் அவரை மகனாக ஏற்றுக்கொள்ளவில்லை. எதிரிகள் சூழ்ந்த நாளில் அவருடைய வாள் தேவைப்பட்டபோதுதான் அவருக்கு விடுதலையும் குலப்பெயரும் கிடைத்தன. அமைதிக் காலம் அவரை ஒட்டகம் மேய்க்கும் அடிமையாக வைத்திருந்தது. போர்க்காலமே அவரை மனிதராக மதித்தது. அத்தகையவர் போரைப் பாடியதில் வியப்பேதுமில்லை. நிறத்தாலும் பிறப்பாலும் ஒருவரை ஒதுக்கிவைக்கும் சமுதாயம், அவர் தம் மதிப்பை நிலைநாட்டக் கொலைக்களம் ஒன்றையே மிச்சம் வைக்குமாயின், அதுவும் போரின் கணக்கில் எழுதப்படவேண்டிய செலவே.

அவருடைய பாடலின் பிற்பகுதியில் ஓர் அரிய இடம் உண்டு. நெஞ்சில் ஈட்டிகள் பாய்ந்த தம் குதிரை, கண்ணீரோடு தம் பக்கம் திரும்பி முறையிடுவதாக அன்தரா உணர்கிறார். பேசும் ஆற்றல் அதற்கு இருந்திருப்பின் அது தம்மிடம் பேசியிருக்கும் என்கிறார். வாயில்லா உயிரின் வலியை இவ்வளவு நுட்பமாகக் கண்டவர் ஜாஹிலிய்யாக் கவிஞரிடையே சிலரே. கல்நெஞ்சர் ஒருவரால் இவ்வாறு பாடவியலாது.

ஆயினும் சில அடிகள் கடந்ததும் பாடல் ளம்ளமின் மகன்களிடம் வந்து சேர்கிறது. அவர்கள் தம்மை இகழ்வதாகவும் தம் உயிரை வாங்கச் சூளுரைத்திருப்பதாகவும் கவிஞர் கூறுகிறார். போரின் சக்கரம் அவ்விருவர் மேல் சுழன்று விழுமுன் தாம் இறந்துவிடுவோமோ என்பதே தம் அச்சம் என்கிறார். அவர்களுடைய சினத்திற்குக் காரணத்தையும் அவரே ஒப்புக்கொள்கிறார்: அவர்களின் தந்தையைக் கொன்று, உடலை விலங்குகளுக்கும் கழுகுகளுக்கும் இரையாகக் கிடத்தியவர் அவர்தாம். பாடல் அவ்விடத்தில் நின்றுவிடுகிறது.

குதிரையின் முறையீட்டைக் கேட்ட செவி, தந்தையின் உடலைப் புதைக்கவும் இயலாமற்போன இரு மைந்தரின் முறையீட்டைக் கேட்கவில்லை. அவர்கள் அவருக்கு இன்னும் வீழ்த்தப்படாத இரு எதிரிகள், அவ்வளவே. நம் வகுப்பறைகளில் இவ்விறுதி அடிகள் எழுப்பும் உற்சாகத்தை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அவ்வுற்சாகத்தைத் தூண்டும் குரலில் படித்துக் காட்டியோரும் நாமே.

ஸுஹைரின் கணக்கு

ஸுஹைர் தம் பாடலை இயற்றியபோது எண்பதாண்டு கண்ட முதியவர். வாழ்வின் சுமை தம்மைச் சலிப்புறச் செய்ததை அவரே பாடலில் குறிப்பிடுகிறார். அவர் போரைப் பற்றிக் கூறுவன அனைத்தும் வீட்டிலும் தொழுவத்திலும் விளைநிலத்திலும் இருந்து எடுக்கப்பட்டவை என்பது கருதத்தக்கது. போர் அவருக்குத் திரிகைக்கல்: அடியில் விரித்த தோலின்மேல் மனிதரை மாவாக அரைப்பது. போர் ஆண்டுதோறும் சினையுற்று இரட்டைக் கன்று ஈனும் ஒட்டகை. ஆனால் ஈனுவதோ தீக்குறியுடைய பிள்ளைகள். போர் விளைச்சல் தரும் நிலமுந்தான். இராக்கின் ஊர்கள் தம் மக்களுக்கு அளக்கும் தானியத்தையும் திர்ஹத்தையும் விட மிகுதியாக அது அளக்கும் என எள்ளலோடு கூறுகிறார். களத்தில் ஒளிரும் வாளைப் பற்றியதன்று அவர் பேச்சு. வீடு, தொழுவம், நிலம் ஆகிய மூன்றிலும் வாழ்வை வளர்க்கும் பொருள்களை எடுத்து, போர் அவற்றைச் சாவை வளர்க்கும் பொருள்களாக மாற்றுவதைக் காட்டுகிறார்.

இங்கு உரையாசிரியர்கள் நீண்ட ஆராய்ச்சி ஒன்றில் இறங்குவர். போர் ஈனும் பிள்ளைகளுக்கு உவமையாக ஸுஹைர் ‘ஆதின் செந்நிறத்தான்’ ஒருவனைக் குறிப்பிடுகிறார். ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகையைக் கொன்றவன் ஸமூது கூட்டத்தவன் அல்லவா, கவிஞர் ஆது என்றது பிழையா, ஸமூதை ‘இரண்டாம் ஆது’ என வழங்குவதும் உண்டா என்பன அவ்வாராய்ச்சியின் பொருள். இதற்கென ஒரு பாடவேளையை முழுமையாகச் செலவிட்ட நாள்கள் நமக்கு உண்டு. போரில் பிறக்கும் பிள்ளைகள் இறைவனின் ஒட்டகையைக் கொன்றவனைப் போல் ஆகிவிடுவர் என்னும் அச்சுறுத்தும் செய்திக்கு ஒரு நிமிடமும் எஞ்சியதில்லை.

ஸுஹைரின் பாடல் போரின் விலையைப் புலம்பலோடு விட்டுவிடாமல் எண்ணியும் காட்டுகிறது. ஹரிமும் ஹாரிஸும் இரு தரப்பிலும் மாண்டோரைக் கணக்கிட்டு, அவர்களுக்கான தியத் எனும் உயிரீட்டைத் தம் சொந்தப் பொருளிலிருந்து ஏற்றனர். மூன்றாண்டுகளில் செலுத்திய ஒட்டகங்கள் 3,000 என உரையாசிரியர் பதிவு செய்கின்றனர். தவணை தவணையாக ஒட்டகங்கள் ஓட்டிவரப்பட்டதைக் கூறும் ஸுஹைர், அவற்றைச் செலுத்தியோர் குற்றமேதும் செய்யாதவர் என்பதை அழுத்திச் சொல்கிறார். இரு தரப்புக்கும் இடையே அவர்கள் ஒரு ஹிஜாமாக் குப்பியளவு குருதியும் சிந்தியதில்லை என்பது அவர் தரும் அளவு. குருதியை மருந்துக்காக எடுக்கும் கருவியின் பெயரைக் கொலைக் குருதியின் அளவையாகக் கையாண்ட அந்நுட்பம் நினைந்து போற்றத்தக்கது. இச்சமாதானமும் அத்தகைய ஒரு மருத்துவமாகவே பாடலில் காட்சி தருகிறது.

அவ்விருவர் இப்பெரும் பொறுப்பை ஏற்கத் தூண்டியது எது? அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானீயின் ‘கிதாபுல் அகானீ’ இதற்கு ஒரு வரலாறு கூறுகிறது. ஹாரிஸ் பின் அவ்ஃப், தய்யி குலத் தலைவர் அவ்ஸ் பின் ஹாரிஸாவின் இளைய மகள் புஹைஸாவை மணந்து தம் ஊருக்கு அழைத்து வந்தார். மணமகளோ, அரபியர் ஒருவரையொருவர் கொன்று கொண்டிருக்கும்போது பெண்களோடு இன்புற்றிருக்க உமக்கு நேரமுண்டோ எனக் கேட்டு, அவர்களிடையே சமாதானம் செய்துவிட்டு வருமாறு கணவரை அனுப்பிவைத்தாராம். ‘அகானீ’யின் கதைகள் அனைத்தையும் வரலாறாகக் கொள்வதற்கில்லை. எனினும், நாற்பதாண்டுப் போரில் முதன்முதலாக மனசாட்சியின் வினாவைக் கேட்டவர் ஒரு புதுமணப்பெண் என அம்மரபு நினைவில் வைத்திருப்பது பொருளற்றதன்று.

ஸுஹைரைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் கொண்டிருந்த மதிப்பையும் இங்கு நினைவுகூரலாம். ஒருவரிடம் உள்ளதைக் கொண்டன்றி அவரைப் புகழாத கவிஞர் ஸுஹைர் என அவர்கள் பாராட்டியதாக இலக்கிய வரலாற்று நூல்கள் கூறும். ஹரிமின் வழித்தோன்றல் ஒருவரிடம், உங்கள் குடும்பம் ஸுஹைருக்கு அளித்த பரிசில்கள் அழிந்துவிட்டன, அவர் உங்களுக்கு அளித்தவை எஞ்சியுள்ளன என்ற கருத்துப்பட அவர்கள் மொழிந்ததாகவும் அந்நூல்கள் கூறுகின்றன. அவ்வாறு எஞ்சியது வாளின் புகழன்று. பொருளிழந்து அமைதி தேடித் தந்த புகழ்.

உறையாத வஞ்சம்

இப்போது நம் மாணவரின் வினாவுக்கு வருவோம். ளம்ளமின் மைந்தர் இருவரில் ஒருவர் பெயரும் ஹரிம். சமாதானம் செய்வித்த ஹரிம் பின் ஸினானின் வேறானவர். மற்றவர் ஹுஸைன், ‘ஸாத்’ எழுத்தைக் கொண்டு எழுதப்படும் பெயர் இது. சமாதானத்திற்கு முன்பே ஹரிம் பின் ளம்ளமை அப்ஸ் குலத்து வர்து பின் ஹாபிஸ் கொன்றுவிட்டார். தந்தையை அன்தராவிடமும் சகோதரரை வர்திடமும் இழந்த ஹுஸைன், வர்தையோ அவருடைய கிளையினர் ஒருவரையோ கொல்லும்வரை தலைகழுவுவதில்லை எனச் சூளுரைத்தார். சமாதான உடன்படிக்கையில் சேராமல் ஒதுங்கியும் நின்றார். ஊர் முழுவதும் அமைதியைக் கொண்டாடியபோது அவர் நெஞ்சில் என்ன இருந்தது என்பதை எவரும் அறியவில்லை. அதனை அவர் வெளிக்காட்டாமல் உள்ளே மறைத்து வைத்திருந்ததாக ஸுஹைர் பாடுகிறார்.

பின்னர் ஒரு நாள் அப்ஸ் குலத்தவர் ஒருவர் ஹுஸைனின் இருப்பிடத்தில் விருந்தினராக வந்து இறங்கினார். நீர் யார் எனக் கேட்கப்பட்டது. அப்ஸ் என்றார். அப்ஸில் எக்கிளை என்று வினா தொடர்ந்தது. தாம் பகை கொண்ட கிளையின் பெயரை அவர் கூறியதும் ஹுஸைன் அவரைக் கொன்றார். அரபியர் உயிரினும் மேலாகப் பேணிய விருந்தோம்பல் மரபு அவ்விடத்தில் முறிந்தது. அதனோடு சமாதானமும் முறியும் நிலை வந்தது. அப்ஸியர் படைதிரட்டிப் புறப்பட்டனர்.

ஹுஸைன் பனூ முர்ராவைச் சேர்ந்தவர். சமாதானம் செய்வித்த இருவரின் சொந்தக் கிளை அது. செய்தி எட்டியதும் ஹாரிஸ் பின் அவ்ஃப் செய்ததை உரையாசிரியர் பதிவு செய்துள்ளனர். அவர் 100 ஒட்டகங்களையும் அவற்றோடு தம் மகனையும் அப்ஸியரிடம் அனுப்பினார். ஒட்டகங்களை ஏற்பதா, கொல்லப்பட்டவருக்கு ஈடாகத் தம் மகனைக் கொல்வதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும் என்பது அவர் விடுத்த செய்தி. அப்ஸின் தலைவர் ரபீஃ பின் ஸியாத் அதனைத் தம் மக்களிடம் எடுத்துரைத்தார். அவர்கள் ஒட்டகங்களை ஏற்றனர்; மகன் உயிர் பிழைத்தார்; போர் நின்றது.

அன்தராவின் பாடல் முடிந்த இடத்திலிருந்து ஸுஹைரின் பாடலில் இடம்பெறும் இந்நிகழ்ச்சி வரை ஒரு கோடு இழுத்துப் பார்ப்போம். ஒரு வீரர் ஒருவரைக் கொன்று உடலைக் கழுகுக்கு விடுகிறார். அதனைப் பாடிப் புகழ் பெறுகிறார். அக்கொலை விட்டுச்சென்ற மைந்தர் ஒருவரின் நெஞ்சில் அது உறையாமல் கிடக்கிறது. பின்னொரு நாள், அக்கொலையில் எப்பங்குமில்லாத விருந்தினர் ஒருவர் அதன் விலையைத் தம் உயிரால் செலுத்துகிறார். மேலும் ஒரு தந்தை அதனைத் தம் மகனின் உயிரால் செலுத்த ஆயத்தமாகிறார். கொன்றவரின் கணக்கில் புகழ் மட்டுமே வரவாகி இருக்கிறது. செலவு முழுவதும் பிறர் பெயரில் எழுதப்பட்டுள்ளது. முஅல்லகாக்களை இலக்கணப் பயிற்சியாக மட்டுமே ஓதியதால் நாம் இழந்தது இக்கணக்கை.

ஸுஹைர் நிறுத்திய இடம்

ஸுஹைரைப் போர்மறுப்பாளராகக் காட்டுவதும் பொருந்தாது. தன் நீர்த்தொட்டியை ஆயுதத்தால் காவாதவனின் தொட்டி இடிக்கப்படும் என்பதும் அவர் கூற்றே. பாலைவாழ்வில் நீரைக் காத்தல் உயிரைக் காத்தலாகும். அதனை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் அதே பைத்தின் பிற்பகுதியில், பிறருக்கு அநீதி இழைக்காதவன் பிறரால் அநீதி இழைக்கப்படுவான் என்ற கருத்தும் தொடர்கிறது. தற்காப்புக்கும் கொடுமைக்கும் இடையிலுள்ள எல்லை அங்கே அழிந்துவிடுகிறது. பாடலின் முற்பகுதியில் போரைச் சாடிய அதே நா இதனையும் கூறியது என்பதை மறைப்பது நேர்மையாகாது. உள்ளத்தில் மறைப்பதை இறைவன் அறிவான், அதன் கணக்கு ஏட்டில் எழுதப்பட்டு விசாரணை நாளுக்கு ஒத்திவைக்கப்படும் அல்லது இங்கேயே தீர்க்கப்படும் என்று உடன்படிக்கையாளரை எச்சரித்தவரும் அவரே. இவ்வடிகள் இஸ்லாத்திற்குப் பின் சேர்க்கப்பட்டவையோ என ஐயுறுவோர் உண்டு. தாஹா ஹுஸைன் 1926இல் ஜாஹிலிய்யாக் கவிதை பற்றி எழுதிய நூலுக்குப் பின் இவ்வகை ஐயம் வலுப்பெற்றது. அவ்வடிகளை ஒதுக்கினாலும், மனசாட்சி விழித்துக்கொண்டு, ஆனால் சட்டமும் வஹீயும் துணையின்றித் தடுமாறும் ஓர் உள்ளத்தை இப்பாடலில் காண்கிறோம்.

சகோதரன் அநீதி இழைப்பவனாயினும் இழைக்கப்பட்டவனாயினும் அவனுக்குத் துணைநில் என்பது ஜாஹிலிய்யாவில் குலப்பற்றின் முழக்கமாக வழங்கியது. நபி (ஸல்) அவர்கள் அதே தொடரைக் கூறியபோது தோழர்கள் திகைத்தனர். அநீதி இழைப்பவனின் கையைப் பற்றித் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என அவர்கள் விளக்கியதைப் புகாரீயில் காண்கிறோம். சொல் அதுவே, அதன் உள்ளுயிர் மாறிற்று. ஸுஹைர் தடுமாறி நின்ற எல்லை இங்கே தெளிவாக வரையப்பட்டது.

சட்டமாகிய மனசாட்சி

ஹரிமும் ஹாரிஸும் செய்தது பெருந்தன்மையான செயல். ஆயினும் பெருந்தன்மை தனிமனிதரைச் சார்ந்தது; அத்தகையோர் தோன்றாத குலத்தில் போர் தொடரும். இஸ்லாம் அப்பெருந்தன்மையை எவ்வாறு நிலைபெறச் செய்தது என்பதை இரு சான்றுகளால் நோக்கலாம்.

முதலாவது, ஹிஜ்ரீ 10ஆம் ஆண்டு (632) விடைபெறும் ஹஜ்ஜில் நிகழ்ந்த அறிவிப்பு. ஜாஹிலிய்யாக் காலத்துக் குருதிப்பழிகள் அனைத்தும் தள்ளுபடி செய்யப்பட்டன. அவற்றுள் முதலாவதாகத் தள்ளுபடி செய்யப்பட்டது எவருடைய பழி? நபி (ஸல்) அவர்களின் சொந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ரபீஆ பின் ஹாரிஸுடைய மகனின் பழி. பாலூட்ட அனுப்பப்பட்ட இடத்தில் ஹுதைல் குலத்தாரால் கொல்லப்பட்ட பிள்ளை அது. பிறர் வீட்டுப் பழியை மறக்கச் சொல்வது எளிது. தம் வீட்டுப் பழியை முதலில் கைவிட்டபின் சொல்வதே சொல்லுக்கு வலிமை தரும்.

இரண்டாவது, ஸகாத்தின் எட்டு உரிமையாளரைக் கூறும் இறைவசனம் (9:60). அதில் இடம்பெறும் ‘அல்காரிமீன்’ என்னும் சொல்லை நம் பேச்சிலும் எழுத்திலும் ‘கடனாளிகள்’ என்று மட்டும் பெயர்த்துச் சென்றுவிடுகிறோம். ஃபிக்ஹு நூல்கள் அதனுள் ஒரு சிறப்பு வகையினரைக் காட்டுகின்றன: இரு கூட்டத்தாரிடையே மூண்ட பகையைத் தணிக்க உயிரீட்டையோ இழப்பீட்டையோ தம் மேல் ஏற்றுக் கடன்பட்டவர். இவ்வாறு ஏற்பதற்கு ‘ஹமாலா’ என்று பெயர். கபீஸா பின் முகாரிக் (ரலி) அவர்கள் அத்தகைய சுமையை ஏற்று நபி (ஸல்) அவர்களிடம் உதவி வேண்டி வந்ததும், ஸதகாப் பொருள் வரும்வரை தங்கியிருக்குமாறும் வந்ததும் அதிலிருந்து வழங்கச் சொல்வதாகவும் அவர்கள் கூறியதும் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. இவ்வகைக் கடனாளி செல்வராயினும் ஸகாத்திலிருந்து அவருக்கு வழங்கலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. ஹனஃபீ அறிஞர்கள் அவர் தேவையுடையவராக இருத்தலை வேண்டுவர். கருத்து வேறுபாடு எவ்வாறாயினும் அடிப்படை ஒன்றே. குருதி சிந்தாத ஒருவர் சிந்தப்பட்ட குருதிக்கு ஈடு தர முன்வந்தால் அவர் தனித்து விடப்படலாகாது. சமுதாயத்தின் பொதுநிதி அவருக்குத் தோள் கொடுக்கவேண்டும். ஹரிமும் ஹாரிஸும் தனித்துச் சுமந்ததை உம்மத் கூடிச் சுமக்க வழிவகுத்த சட்டம் இது.

உஸாமாவின் இரவுகள்

போர் பற்றிய இஸ்லாமிய நெறிகளைக் கூறுமாறு கேட்கப்படும்போது, பெண்டிரையும் சிறாரையும் முதியோரையும் கொல்லாமை, கனிமரங்களை வெட்டாமை முதலியவற்றை நாம் எடுத்துக்காட்டுகிறோம். அபூபக்ர் (ரலி) அவர்கள் ஷாமுக்குச் சென்ற படைத்தலைவருக்கு வழங்கிய அறிவுரை நமக்கு மனப்பாடம். அவை போரில் நடக்கும் முறையைக் கூறுவன. போர் முடிந்த பின் போராளியின் உள்ளத்தில் எஞ்சுவதைக் கூறும் செய்தியொன்றும் நம் ஹதீஸ் நூல்களில் உண்டு.

ஜுஹைனா குலத்தின் ஹுரகா கிளையினர் மீது சென்ற படையில் உஸாமா பின் ஸைத் (ரலி) இருந்தார்கள். அவர்களும் அன்ஸாரி ஒருவரும் எதிரி ஒருவரை மடக்கியபோது அவர் கலிமா மொழிந்தார். அன்ஸாரி கையை நிறுத்திக்கொண்டார். உஸாமா (ரலி) ஈட்டியால் குத்திக் கொன்றுவிட்டார்கள். மதீனா திரும்பியதும் நபி (ஸல்) அவர்கள், கலிமா மொழிந்த பின்னருமா கொன்றாய் என்று கேட்டார்கள். உயிரைக் காத்துக்கொள்ளவே அவர் அவ்வாறு சொன்னார் என்று உஸாமா (ரலி) பதிலுரைத்தார்கள். அவருடைய உள்ளத்தைப் பிளந்து பார்த்தாயா என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்களின் வினா மீண்டும் வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. அந்நாளுக்கு முன் தாம் இஸ்லாத்தை ஏற்றிராமல் இருந்திருக்கலாமே என எண்ணுமளவுக்குத் தாம் துயருற்றதை உஸாமா (ரலி) அவர்களே அறிவித்துள்ளார்கள்.

கொன்றவர் நபி (ஸல்) அவர்களின் அன்புக்குரியவர். கொல்லப்பட்டவர் போர்க்களத்தில் எதிரியாய் நின்றவர். ஆயினும் வெற்றி பாராட்டப்படவில்லை; தம்மவர் என்பதால் வினா மழுங்கவுமில்லை. அதே உஸாமா (ரலி) ஹிஜ்ரீ 11இல் படைத்தலைவராக அமர்த்தப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும். ஆண்டுகள் பல கழிந்து, முஸ்லிம்களுக்குள்ளேயே வாள் உருவப்பட்டபோது, அலீ (ரலி) அவர்கள்பால் பேரன்பு கொண்டிருந்தும் அப்போரில் கலந்துகொள்ளத் தம்மால் இயலாது என உஸாமா (ரலி) சொல்லியனுப்பியதைப் புகாரீ பதிவு செய்துள்ளார். மதீனாவில் கேட்கப்பட்ட அவ்வினா அவர்களை விட்டு அகலவில்லை என்றே நாம் கருதுகிறோம். ஈமான் மனசாட்சியை உறங்க வைக்கும் மருந்தாக அங்கே பயன்படவில்லை. அதனை வாழ்நாள் முழுவதும் விழித்திருக்கச் செய்தது.

நம் காலமும் நம் வகுப்பறையும்

இவையனைத்தும் பழங்கதைகள் என ஒதுக்கிவிடவியலாது. 1980 செப்டம்பர் முதல் 1988 ஆகஸ்ட் வரை இராக்கும் ஈரானும் நிகழ்த்திய போரை நம் தலைமுறை நினைவில் வைத்திருக்கிறது. இராக்கின் ஆட்சி அப்போருக்குக் காதிஸிய்யாவின் பெயரைச் சூட்டியது. ஈரான் தன் தாக்குதல்களுக்குக் கர்பலாவின் பெயரைச் சூட்டியது. கிப்லாவும் கலிமாவும் ஒன்றாயிருந்த இரு மக்களின் பிள்ளைகள், முன்னோரின் வரலாற்றுப் பெயர்களைச் சுமந்து ஒருவரையொருவர் மாய்த்தனர். 2014 முதல் யமனிலும், 2023 ஏப்ரலில் தொடங்கிச் சூடானிலும் மூண்ட போர்கள் அப்ஸ் – துப்யான் வகையினவே. காஸாவில் 2023 அக்டோபருக்குப் பின் நிகழ்ந்த பேரழிவு நம்மை உலுக்கியது, உலுக்கவேண்டியதே. நீர்த்தொட்டியை இழந்தவனிடம் அமைதியை மட்டும் உபதேசிப்பதை ஸுஹைரும் ஏற்கமாட்டார். ஆனால் சகோதரர் சகோதரரைக் கொல்லும் போர்களின்போது நம் இதழ்களிலும் மேடைகளிலும் எழுந்த குரல் எத்தகையது? பெரும்பாலும் ஒரு தரப்பைத் தேர்ந்துகொண்டோம். இல்லையேல் வாய்மூடி இருந்தோம். இருவருக்கும் இடையே சென்று நிற்குமாறு கட்டளையிடும் ‘ஹுஜுராத்’ அத்தியாயத்தின் வசனங்களை (49:9–10) நிக்காஹ் மேடைகளிலும் ஜமாஅத் பூசல்களிலும் ஓதியதோடு நிறுத்திக்கொண்டோம்.

இலக்கியம் பயிற்றுவிப்போர்க்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. போர்ப்பெயர்கள் போர்க்களத்தில் பிறப்பதில்லை. பாடநூல்களிலும் பாடல்களிலும் இருந்தே எடுக்கப்படுகின்றன. அன்தராவை மட்டும் சுவைபட நடத்தும் வகுப்பறை, ளம்ளமின் மைந்தரை வீழ்த்தப்படவேண்டிய எதிரிகளாக மட்டுமே காணும் பார்வையைப் பயிற்றுவிக்கிறது. அன்தராவைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்குமாறு நாம் கூறவில்லை. அவர் அரபு மொழியின் பெருஞ்செல்வம். அவர் பாடலின் இறுதி அடியோடு நூலை மூடிவிடலாகாது என்பதே நம் வேண்டுகோள்.

அம்மாணவர் ஆலிம் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். அவருக்கு அன்று கூறத்தவறிய விடையை அடுத்த நாள் வகுப்பில் கூறினோம். ஆனால் ஆசிரியர் நூலை மூடிய ஓசைதான் அவர் நினைவில் தங்கியிருக்குமோ என்னும் ஐயம் நமக்கு இன்றும் உண்டு. அவ்வாண்டுக்குப் பின் நாம் ஏட்டின் வரிசையை மாற்றிக்கொண்டோம். முதலில் அன்தராவை நடத்துகிறோம். அடுத்த நாளே ஸுஹைரைத் தொடங்குகிறோம். ஹுஸைன் பின் ளம்ளமின் பெயர் வரும் பைத்தை அடைந்ததும் இஃராபைச் சற்று ஒத்திவைத்து, இவர் யாருடைய மகன் என்று மாணவரைக் கேட்கிறோம். ஆண்டுதோறும் வகுப்பு அவ்விடத்தில் சிறிது நேரம் அமைதியாகிறது. பின்னர் எவரேனும் ஒருவர் முந்தைய பாடலின் ஏடுகளைப் புரட்டத் தொடங்குகிறார்.